கோல் போடாதவர்களின் ஆசிரியை: செண்டா பெரன்சன் (1868–1954)

ஒரு பாடசாலையின் நூறு ஆண்டுகளைத் தொகுத்து எழுத உட்காருகிறவர்களுக்கு வெற்றிக் கிண்ணங்களின் கணக்கு எளிதாகக் கிடைத்துவிடும். அணித் தலைவியின் பெயரும் அதிக கோல் போட்டவரின் பெயரும் பழைய கல்லூரிச் சஞ்சிகைகளில் அச்சேறியிருக்கும். அதே அணியில் நின்று எதிரணியின் பந்தைத் தடுத்தவர், நடுவிலிருந்து பந்தை வாங்கி முன்னே அனுப்பியவர், மாற்று வீராங்கனையாக வாங்கில் காத்திருந்தவர் ஆகியோரின் முகங்கள் குழுப் படத்தின் ஓரத்தில் இருக்கும். அவர்களுடைய பெயர்களைத்தான் தேட வேண்டியிருக்கும்.

நூற்றாண்டு மலருக்கு யாருடைய வாழ்க்கையை எழுதலாம் என்று எண்ணியபோது, இத்தகைய பெண்களுக்கும் ஆட்டத்தில் சமமான இடம் வேண்டுமென்று ஒரு விளையாட்டையே திருத்தி அமைத்த ஓர் ஆசிரியை நம் நினைவுக்கு வந்தார். அவர் பெயர் செண்டா பெரன்சன். அமெரிக்காவின் ஸ்மித் மகளிர் கல்லூரியில் உடற்கல்வி கற்பித்தவர்; கூடைப்பந்தாட்டத்தைப் பெண்களிடம் கொண்டுவந்தவர். பெண்கள் கூடைப்பந்தாட்டத்தின் தாய் என்று விளையாட்டு வரலாறு அவரைக் குறிப்பிடுகிறது. நாம் பாடசாலை மைதானத்தில் ஆடிய வலைப்பந்தாட்டமும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அந்த உறவைப் பின்னர் சொல்வோம்.

செண்டா 1868 மார்ச் 19ஆம் திகதி லித்துவேனியாவில் புட்ரிமோனிஸ் என்னும் சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்நாளில் அவ்வூர் ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தந்தை முதலில் தனியே அமெரிக்கா சென்று பொஸ்டன் நகரில் தங்கினார். 1875இல் தாயும் பிள்ளைகளும் அவரிடம் போய்ச் சேர்ந்தார்கள். வால்வ்ரோயென்ஸ்கி என்றிருந்த குடும்பப் பெயர் அங்கே பெரன்சன் ஆயிற்று. தந்தை பாத்திரங்களைச் சுமந்து சென்று விற்றுக் குடும்பத்தைக் காத்தார். ஊரைவிட்டுப் புறப்பட்டு, தெரியாத மொழியில் பிள்ளைகளைப் படிக்கவைத்து, பெயரைக்கூட அந்நாட்டு நாவுக்கு ஏற்ப மாற்றிக்கொண்ட குடும்பத்தின் கதையை ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் இருந்து இம்மலரை வாசிக்கும் சகோதரிகளுக்கு விரித்துச் சொல்லத் தேவையில்லை.

அக்குடும்பத்தின் மூத்த மகன் பேர்ணார்ட். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் படித்து, இத்தாலிய மறுமலர்ச்சிக் கால ஓவியங்களைப் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்றவர் அவர். பெரன்சன் என்ற பெயரைக் கேட்டால் கலையுலகம் இன்றும் அவரையே நினைக்கும். அவருக்கு அடுத்துப் பிறந்த செண்டா சிறு வயதிலிருந்தே நோஞ்சான். பாடசாலைப் படிப்பு இடையிடையே தடைப்பட்டது. பியானோவில் விருப்பம் கொண்டு பொஸ்டனில் இசைக் கல்லூரியொன்றில் சேர்ந்தார். முதுகு வலியால் நெடுநேரம் பியானோவின் முன் உட்கார முடியவில்லை. அதனால் அந்தப் படிப்பும் நின்றுபோயிற்று.

வைத்தியத் துறையில் இருக்கும் நாம் இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. செண்டா வளர்ந்த அதே பொஸ்டன் நகரில், ஹாவார்ட் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த எட்வர்ட் கிளார்க் 1873இல் ஒரு நூல் வெளியிட்டார். பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளைப் போல் இடைவிடாது படித்தால் உடலின் சக்தி மூளைக்குச் செலவாகி, மகப்பேற்றுக்கான உறுப்புகள் வளர்ச்சி குன்றும் என்பது அதன் வாதம். அந்நூல் பல பதிப்புகள் கண்டது. பெண்களுக்கான உயர்கல்வி நிலையங்கள் புதிதாகத் திறக்கப்பட்டுவந்த காலம் அது. ஸ்மித் கல்லூரி திறக்கப்பட்டதே 1875இல்தான். நலிந்த உடலோடு வீட்டிலிருந்த ஓர் இளம்பெண்ணிடம் ஓய்வெடு என்று சொல்வதற்கு அன்று வைத்தியம், சமூகம் இரண்டும் ஆயத்தமாக இருந்தன. எழுந்து ஓடு என்று சொல்ல ஆட்கள் குறைவு.

1890இல் செண்டா பொஸ்டனில் அமி மொரிஸ் ஹோமன்ஸ் நடத்திவந்த உடற்பயிற்சி ஆசிரியர் கலாசாலையில் சேர்ந்தார். சுவீடன் நாட்டு முறையிலான தேகப்பயிற்சி அங்கே கற்பிக்கப்பட்டது. ஆரம்பத்தில் அந்தப் பயிற்சிகள் அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. சில நிமிடங்கள் நேராக நிற்பதே பெரும்பாடாக இருந்தது. சில மாதங்கள் பொறுத்துச் செய்துவர, உடம்பில் வலு ஏறியது. முதுகு நிமிர்ந்தது. தன் உடம்பிலேயே கண்ட மாற்றத்தால் அவர் பாதையும் மாறியது. பிறருடைய உடம்புக்கும் அதைச் செய்யலாம் என்ற நம்பிக்கையோடு, 1892 ஜனவரியில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் நோர்தாம்ப்டன் நகரிலுள்ள ஸ்மித் கல்லூரிக்கு உடற்கல்வி ஆசிரியையாகப் போனார். அப்போது அவருக்கு வயது 23.

மாணவிகளுக்குத் தேகப்பயிற்சி அலுப்பாக இருந்தது. கையைத் தூக்கு, காலை மடக்கு என்று கட்டளைக்கு ஆடும் பயிற்சியில் விளையாட்டின் மகிழ்ச்சி இல்லை. அந்த வேளையில் செண்டாவின் கண்ணில் ஒரு சஞ்சிகைக் கட்டுரை பட்டது. நோர்தாம்ப்டனிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தொலைவில் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரம் இருக்கிறது. அங்குள்ள வை.எம்.சீ.ஏ. பயிற்சிக் கல்லூரியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பனிக்காலத்தில் உள்ளே அடைபட்டுக் கிடந்த இளைஞர்களுக்காக 1891 டிசெம்பரில் ஒரு புது விளையாட்டை உண்டாக்கியிருந்தார். பீச் பழக் கூடைகள் இரண்டை உயரத்தில் பொருத்தி, பந்தை அவற்றுள் எறியும் ஆட்டம் அது. 13 விதிகள் கொண்ட அந்த ஆட்டத்தை செண்டா தம் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அலுத்துக் கிடந்த பிள்ளைகள் அதை விட மனமில்லாமல் ஆடினார்கள்.

1893 மார்ச் மாதத்தில் ஸ்மித் கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்தில் முதலாம் ஆண்டு மாணவிகளுக்கும் இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கும் இடையே போட்டி நடந்தது. பெண்களுக்கான முதலாவது கல்லூரிக் கூடைப்பந்தாட்டப் போட்டி அதுவே. ஆண் பார்வையாளர்களுக்கு அனுமதியில்லை. மேல்மாடத்தில் இடம் பிடித்த மாணவிகள் தத்தம் வகுப்பு நிறங்களை அணிந்து ஆரவாரம் செய்தார்கள். ஆட்டத்தைத் தொடங்கிவைக்க செண்டா பந்தை மேலே எறிந்தபோது, அவருடைய கை ஒரு மைய ஆட்டக்காரியின் உயர்ந்த கையில் மோதி, அப்பெண்ணின் தோள்மூட்டு விலகிவிட்டது. அவரை உள்ளே அழைத்துச் சென்று மூட்டைப் பொருத்தினார்கள். மாற்று வீராங்கனை ஒருவர் அவருடைய இடத்தில் இறங்கினார். ஆட்டம் தொடர்ந்தது. இரண்டாம் ஆண்டு அணி 5க்கு 4 என்ற கணக்கில் வென்றது. (தோள்மூட்டு விலகினால் இன்று நாம் எவரையும் மைதானத்தில் வைத்து மூட்டை இழுக்க விடமாட்டோம். வைத்தியசாலைக்கு அனுப்பி, எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம்.) பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தாட்டம் தொடங்கிய முதற்கணத்திலேயே ஒரு மாற்று வீராங்கனையின் உதவியோடுதான் நடந்தது என்பதை நாம் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

நெய்ஸ்மித்தின் ஆட்டத்தை செண்டா அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. பலசாலியான ஒருத்தி பந்தைப் பறித்துக்கொண்டு கூடம் முழுவதும் ஓடினால், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறவர்களாகிவிடுவதை அவர் கண்டார். முரட்டுத்தனம் ஏறுவதையும் கண்டார். எனவே ஆடுகளத்தைக் கோடு கிழித்து மூன்று பகுதிகளாகப் பிரித்தார். கூடையை நோக்கி எறிபவர்கள் ஒரு பகுதியில், நடுவில் நிற்பவர்கள் இன்னொரு பகுதியில், காப்பவர்கள் மூன்றாவது பகுதியில். தன் பகுதியின் கோட்டை ஒருவரும் தாண்டக் கூடாது. இன்னொருத்தியின் கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது. பந்தை மூன்று செக்கனுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மூன்று தடவைக்கு மேல் தரையில் தட்டவும் கூடாது.

இந்த விதிகளின் விளைவை யோசித்துப் பாருங்கள். எவ்வளவு கெட்டிக்காரியானாலும் பந்தைத் தானே கொண்டுபோய்க் கூடையில் போட முடியாது. காப்பவள் தடுத்து வாங்கிய பந்து நடுவில் நிற்பவர்களிடம் வர வேண்டும். அவர்கள் எறிந்தால்தான் முன்னே நிற்பவளின் கைக்கு அது எட்டும். கோல் விழும்போது கைதட்டல் ஒருத்திக்குக் கிடைக்கலாம். அதற்கு முன் பந்து கடந்துவந்த கைகள் பல. செண்டா தம் எழுத்துகளில் இதை நேராகவே விளக்கியிருக்கிறார். கோடுகள் போட்டதனால் கூட்டு ஆட்டம் வளர்கிறது, எல்லா ஆட்டக்காரிகளின் முக்கியத்துவமும் சமமாகிறது, ஒருத்தி மட்டும் மின்னும் ஆட்டம் ஏறக்குறைய இல்லாமற் போகிறது என்பது அவர் கருத்து. உடம்பு அளவுக்கு மீறிக் களைக்காது என்பது அவர் சொன்ன இன்னொரு காரணம்.

அயற்கல்லூரிகளோடு போட்டியிட்டு வெற்றி தேடுவதில் அவருக்கு நாட்டமில்லை. 1896இல் கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட், பேர்க்லி பல்கலைக்கழகப் பெண்கள் மோதினார்கள். 2க்கு 1 என்று ஸ்டான்ஃபோர்ட் வென்ற அந்த ஆட்டம் பெண்களின் முதலாவது பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியாகப் பதிவாகியிருக்கிறது. ஸ்மித்தில் செண்டா வகுப்புக்கு வகுப்பு ஆடும் முறையையே வைத்துக்கொண்டார். ஊருக்கு வெளியே போய் ஆட ஒரு சிறு அணி போதும். வகுப்புக்கு ஓர் அணி என்றால் பல மடங்கு பெண்கள் ஆடலாம். நமது இல்ல விளையாட்டுப் போட்டிகளை நினைத்தால் இது விளங்கும். பாடசாலை அணியில் ஒருபோதும் இடம் கிடைக்காதவர்களும் இல்லத்துக்காக ஓடியிருக்கிறார்கள், பந்து எறிந்திருக்கிறார்கள்.

ஆட்டம் பரவியபோது ஊருக்கு ஒரு விதி முளைத்தது. 1899இல் ஸ்பிரிங்ஃபீல்ட்டில் உடற்கல்வியாளர்கள் கூடி, பெண்களுக்கான விதிகளை ஒழுங்குபடுத்த ஒரு குழுவை அமைத்தார்கள். 1901இல் செண்டாவைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பெண்கள் கூடைப்பந்தாட்ட விதி நூல் வெளிவந்தது. பின்னர் 1905 முதல் 1917 வரை அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்தாட்டக் குழுவுக்கு அவரே தலைமை தாங்கினார். இடையில் 1897இல் சுவீடன் சென்று ஸ்டொக்ஹோமில் மேற்படிப்புப் படித்து வந்தார். வாள்வீச்சும் நாட்டார் நடனமும் ஹொக்கியும் அவர் காலத்தில் ஸ்மித்துக்கு வந்தன. கூன், முதுகு வலி போன்ற குறைகள் உள்ள மாணவிகளுக்குத் தனியான திருத்தப் பயிற்சிகளும் கொடுத்தார். பியானோவின் முன் உட்கார முடியாதிருந்த பெண் அந்த மாணவிகளை மறக்கவில்லை.

1911இல் ஸ்மித்தில் ஆங்கிலம் கற்பித்த ஹேர்பர்ட் வோன் அபொட் என்ற பேராசிரியரை செண்டா மணந்து, கல்லூரிப் பதவியை விட்டு விலகினார். அதே நகரிலிருந்த பேர்ணம் பெண்கள் பாடசாலையில் 1921 வரை உடற்கல்விக்குப் பொறுப்பாக இருந்தார். கணவர் 1929இல் காலமானார். பிற்காலத்தில் செண்டா கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் தம் சகோதரியோடு வாழ்ந்து, 1954 பெப்ரவரி 16ஆம் திகதி, 85ஆவது வயதில் மறைந்தார்.

ஒரு வாழ்க்கையை நேர்மையாக எழுதுவதானால் அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். செண்டா போட்ட கோடு பிற்காலத்தில் வேலியாகவும் ஆனது. 1938இல் மூன்று பகுதிகள் இரண்டாயின. அணிக்கு ஆறு பேர்; மூவர் எறிபவர்கள், மூவர் காப்பவர்கள். காப்பவளாக அணியில் சேர்ந்தவள் கூடையை நோக்கி ஒரு தடவையாவது பந்தை எறியாமலே தன் ஆட்டக் காலத்தை முடித்துக்கொண்டாள். பெண் உடம்பு முழு ஆடுகளத்தையும் தாங்காது என்ற பழைய நினைப்பு விதிப் புத்தகத்துக்குள் ஒளிந்திருந்தது. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஐவராக முழுக் களத்திலும் ஆட 1971 வரை காத்திருக்க நேர்ந்தது. ஐயோவா மாநிலப் பாடசாலைகளில் ஆறு பேர் ஆட்டம் 1993 வரையும், ஒக்லஹோமாவில் 1995 வரையும் நீடித்தது. ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்தாட்டம் சேர்ந்தது 1976இல். அப்போது செண்டா மறைந்து 22 ஆண்டுகள்.

பின்வரிசையில் நிற்பவளுக்கு மதிப்புக் கொடுப்பது ஒன்று. அவள் என்றைக்கும் பின்வரிசையைத் தாண்டக் கூடாது என்பது வேறொன்று. செண்டா முதலாவதை விரும்பினார். அவருக்குப் பின் வந்தவர்கள் பலர் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள். குடும்பத்திலும் அலுவலகத்திலும் பொறுப்பாக ஒரு வேலையைச் செய்தவளை, அதற்கே அவள் பிறந்தவள் என்று அங்கேயே நிறுத்திவைப்பதைப் பெண்களாகிய நாம் அறிவோம்.

இனி வலைப்பந்தாட்டத்துக்கு வருவோம். 1893இல் லண்டன் ஹம்ப்ஸ்டெட்டில் மார்ட்டினா பேர்க்மன் ஒஸ்டர்பேர்க் நடத்திய உடற்பயிற்சிக் கல்லூரிக்குக் கூடைப்பந்தாட்டம் அமெரிக்காவிலிருந்து போயிற்று. அங்கே ஆட்டம் புல்வெளிக்கு வந்தது. கூடை வலையுடன் கூடிய வளையமாயிற்று. 1890களின் இறுதியில் அமெரிக்கப் பெண்களின் விதிகளும் அதில் கலந்தன. 1901இல் வலைப்பந்தாட்டத்துக்கென விதிகள் அச்சாயின. பிரித்தானியரின் ஆட்சி பரவிய நாடுகளெங்கும் பெண்கள் பாடசாலைகளில் அந்த ஆட்டம் வேரூன்றியது. மூன்றாகப் பிரித்த களம், கோட்டைத் தாண்டினால் விசில், மூன்று செக்கனில் பந்தை எறிந்துவிட வேண்டும் என்ற அவசரம்: நாம் மனப்பாடமாக அறிந்தவை இவை. பல நாடுகளில் பலவாறாக ஆடப்பட்டதை ஒரே விதிக்குக் கொண்டுவரச் சர்வதேசச் சம்மேளனம் அமைக்கப்பட்டது 1960இல், நம் நாட்டில்தான். அதன் பயனாக 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ணில் முதலாவது உலகப் போட்டி நடைபெற்றது. இலங்கையும் அதில் ஆடியது.

வலைப்பந்தாட்டத்தில் எழுவரில் கோல் போட உரிமையுள்ளவர்கள் இருவர் மாத்திரமே. மற்ற ஐவரும் பந்தை எடுத்துக் கொடுக்கவும் தடுக்கவும் நிற்பவர்கள். யாழ்ப்பாண மண்ணிலிருந்து வந்து, 2019ஆம் ஆண்டு லிவர்பூல் உலகக் கிண்ணப் போட்டியில் எல்லோரையும்விட அதிக கோல்கள் போட்ட தர்ஜினி சிவலிங்கத்தின் பெயரைச் சொல்லும்போது நம் நெஞ்சு நிமிர்கிறது. அவர் உயர்த்திய கைகளுக்குப் பந்தைச் சரியான உயரத்தில் அனுப்பிய சென்டர், விங் அட்டாக் வீராங்கனைகளின் பெயர்களைக் கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்லுவோம்? சத்திரசிகிச்சை வெற்றியென்றால் நோயாளியின் உறவினர் சத்திரசிகிச்சை நிபுணரின் கையைப் பிடித்து நன்றி சொல்வார்கள். மயக்கமருந்து கொடுத்து மூச்சைக் காத்தவரையும், கருவிகளை எண்ணி எடுத்துக் கொடுத்த தாதியையும் அவர்கள் கண்டிருக்கவே மாட்டார்கள். அந்த இருவர் இல்லாமல் கத்தியைத் தொட முடியாது என்பது உள்ளே நிற்பவர்களுக்குத் தெரியும்.

வைத்தியக் கண்ணோட்டத்தில் இன்னொன்றும் சொல்லலாம். பதின்ம வயதில் ஓடிக் குதித்து ஆடும்போது எலும்பில் சேரும் உறுதி, முதுமையில் எலும்புத் தேய்வை எதிர்த்து நிற்கும் சேமிப்பு. எலும்புக்குக் கோல் போட்டவள் யார், தடுத்தவள் யார் என்ற பேதம் தெரியாது. வாங்கில் காத்திருந்தவளும் நாளாந்தப் பயிற்சிக்கு வந்தவள்தானே. சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறது என்று மகளைப் பயிற்சியிலிருந்து நிறுத்தும் தாய்மார், பாடசாலை அணியில் இடமில்லாவிட்டால் விளையாடி என்ன பயன் என்று கேட்கும் தந்தைமார், இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங்ஃபீல்ட்டில் நெய்ஸ்மித்தின் பெயரால் கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபம் ஒன்று இருக்கிறது. 1959இல் முதன்முதலாக அதற்கு ஆட்களைத் தெரிவுசெய்தார்கள். ஒரு பெண்ணின் பெயர் அதில் ஏற மேலும் 26 ஆண்டுகள் சென்றன. 1985இல் மார்கரெட் வேட், பேர்த்தா டீக் ஆகிய இரு பயிற்றுநர்களோடு செண்டா பெரன்சன் அபொட்டும் சேர்க்கப்பட்டார். அவர் இறந்து 31 ஆண்டுகளுக்குப் பிறகு. நெய்ஸ்மித் தொடங்கிய பந்தை வாங்கி அடுத்த பகுதிக்கு எறிந்தவர் அவர். நடுவில் நின்றவர்களுக்கு நேர்வது அவருக்கும் நேர்ந்தது.

நமது பாடசாலையின் நூறு ஆண்டுகளில் நடுவில் நின்றவர்கள் பலர். அவர்களில் சிலர் இன்று பேத்திகளோடு இம்மலரைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய அணிப் படம் ஒன்று இருந்தால் வெளியே எடுங்கள். கிண்ணத்தைப் பிடித்திருப்பவரின் பெயரோடு நிறுத்திவிடாமல், பின்வரிசையில் நிற்பவர்களையும் ஓரத்தில் மேற்சட்டையோடு இருக்கும் மாற்று வீராங்கனைகளையும் ஒவ்வொருவராக நினைவுபடுத்திப் படத்தின் பின்புறத்தில் எழுதுங்கள். ஞாபகம் வராத பெயர்களை வகுப்புத் தோழிகளிடம் தொலைபேசியில் கேளுங்கள். எழுதியதைச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆட்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.